டிஸ்பேஸைக் கடைசி நாளுக்குத் தள்ளினோம்: வேலூர் நூலகர் பயிற்சி, செய்முறைக் குறிப்புகள்

கடைசி நாள் பிற்பகலில் சர்வரை வேண்டுமென்றே அழித்தோம். பயிற்சிக்கு வந்த நூலகர்கள் கையில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கும் அவர்களே எழுதிய இரண்டு பக்கக் குறிப்பும் மட்டும் இருந்தன. மாலை டீ வருவதற்குள் நூல்கள், தேடல், பயனர் கணக்குகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. முந்தைய அணியால் இது முடியவில்லை. இடையில் மாறியது பாடத்தின் வரிசை. பழைய நூல்களை ஸ்கேன் செய்து மின்னூலகம் கட்டக் கற்றுத்தர, காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்தில் நடந்த அந்த ஐந்து நாள் பயிற்சியை, வேறு ஊரில் நடத்த நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறோம்.

நிறுவலில் தொடங்கினால் என்ன ஆகும்

பழைய பாடத்திட்டத்தில் முதல் இரண்டு நாளும் டிஸ்பேஸ் நிறுவல். எம்ஐடியும் ஹெச்பியும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட மின்னூலக மென்பொருள் இது. நம் நாட்டு ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்காவும் இதன்மேல்தான் ஓடுகிறது. 2021இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து பின்புறம் ஜாவா, முன்புறம் ஆங்குலர் என்று இரண்டு பாதியாகப் பிரிந்துவிட்டது. முன்புறத்தைக் கட்டமைக்கும்போது நினைவகம் கணக்கில்லாமல் போகும். 4 ஜிபி ரேம் உள்ள கூடத்துக் கணினிகளில் பாதி வழியில் 'நினைவகம் போதவில்லை' என்று நின்றுவிடும். முன்புறத்தைக் கட்டமைக்கும் நோடு நிரலுக்குக் கூடுதல் நினைவகம் ஒதுக்கும் அமைப்பைப் போட்டாலும், இல்லாத ரேமை எங்கிருந்து ஒதுக்குவது? இரண்டாம் நாள் மதியம் வரை கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு பக்கம்கூட ஸ்கேன் ஆகியிருக்காது.

நிறுவுவது ஒருவர் ஒரு முறை செய்யும் வேலை. நூலகர் தினமும் செய்யப்போவது வேறு. எனவே 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒரு பழைய ஐ5 டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டு, டிஸ்பேஸை முன்கூட்டியே நிறுவி, கூடத்து லேனில் இணைத்துவிட்டோம். மற்ற கணினிகளுக்கு பிரவுசர் மட்டும் போதும். நிறுவலைப் பார்க்க விரும்புபவர்களுக்குக் கடைசி நாள் காலையில் காட்டினோம்.

ஆனால் எது முதலில் எழ வேண்டும் என்பதை முதல் நாளே சுவரில் ஒட்டிவிட வேண்டும்: போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்), பிறகு சோலர் (தேடுபொறி), பிறகு டாம்கேட் (ஜாவாப் பின்புறத்தை ஓட்டுவது), கடைசியில் ஆங்குலர் முகப்பு. மின்வெட்டுக்குப் பிறகு சோலர் எழாமல் மற்றவை எழுந்துவிட்டால் தளம் திறக்கும், நுழையவும் முடியும், ஆனால் தேடினால் ஒன்றும் வராது. நூலகர் பதறிப்போய் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றத் தொடங்குவார். எதுவும் தொலைந்திருக்காது. சோலரை எழுப்பி, தேடல் சுட்டியைக் கட்டும் இண்டெக்ஸ் டிஸ்கவரி கட்டளையை முழு மறுகட்டமைப்பு விருப்பத்தோடு ஓடவிட்டால் போதும்.

இணையமே வராத சின்னக் கிளை நூலகத்துக்கு டிஸ்பேஸ் வேண்டாம். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்டோன் விண்டோஸ் மடிக்கணினியிலேயே ஓடும், தொகுப்பைக் குறுந்தட்டில் பதிந்தும் கொடுக்கும். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினோம், போதும்.

ஸ்கேன்

தட்டையான ஸ்கேனரில் மணிக்கு நூறு பக்கம் எடுத்தால் பெரிய விஷயம். பழைய கோயில் மலர்கள், கூட்டுறவுச் சங்க மலர்களை 180 பாகை விரித்தால் முதுகு 'டக்' என்று முறிந்துவிடும். அதனால் V வடிவத் தொட்டில் ஒன்று செய்யச் சொன்னோம்: 19 மிமீ பிளைவுட், இரண்டு பலகைக்கும் இடையே 100 பாகை, பக்கத்தை அழுத்த 5 மிமீ கண்ணாடி இரண்டு, இருபுறமும் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 18 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் கேமரா. இரண்டு பேர் பழகிவிட்டால் மணிக்கு நானூறு பக்கத்தைத் தாண்டலாம்.

தெளிவைக் கணக்குப் போட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள், விளம்பரத் தாளை நம்ப வேண்டாம். 18 மெகாபிக்சல் கேமராவின் நீள்பக்கம் 5184 பிக்சல். டெம்மி அளவுப் பக்கம் 21.5 செமீ உயரம். ஓரத்தோடு சேர்த்து 25 செமீ சட்டத்தில் வந்தால் ஏறத்தாழ 525 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) கிடைக்கும், தாராளம். அதே ஆட்கள் 55 செமீ உயர நாளிதழை 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரே படமாக எடுத்தால் 277தான் கிடைக்கும். சின்ன எழுத்து விளம்பரங்கள் கரைந்துவிடும். நாளிதழை மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாக எடுக்க வேண்டும்.

டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் குறுக்கே பட்டை விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/25 விநாடியில் வைத்தால் பட்டை போய்விடும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் அடியில் கறுப்பு சார்ட் அட்டை வைக்க வேண்டும். ஃபேன் ஓடக் கூடாது, பக்கம் படபடக்கும். வேலூரில் மே மாதம் ஃபேன் இல்லாமல் மதியம் யாரும் உட்கார மாட்டார்கள். வியர்த்த கை பட்டாலே பழைய தாள் பொடிகிறது. எனவே ஸ்கேன் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை, மேசை வேலை பிற்பகலில்.

அசல் கோப்பு டிஃப், வாசகருக்குப் பிடிஎஃப். டெம்மி பக்கம் ஒன்று 400 டிபிஐ முழு வண்ணத்தில் 22 எம்பி சொச்சம், 200 பக்க நூல் ஏறத்தாழ 4.5 ஜிபி. ஆயிரம் நூல் என்றால் 4.5 டிபி, அதை இரண்டு பிரதி வைக்க வேண்டும். டிஸ்க் வாங்கும் முன் இந்தப் பெருக்கலை ஒவ்வொரு நூலகரும் தன் நூலக எண்ணிக்கைக்குப் போட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேர் 'எல்லாவற்றையும் ஸ்கேன் செய்வோம்' என்ற திட்டத்தை அங்கேயே கைவிட்டார்கள். வேறு எங்கும் கிடைக்காத உள்ளூர் வெளியீடுகள் முதலில் என்று முடிவானது. 1881இல் ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு போன்றவற்றை வேறு நூலகங்கள் எப்போதோ ஏற்றியிருக்க வாய்ப்புண்டு, ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிட்டுத் தொட வேண்டும்.

கோப்புப் பெயரில் தமிழ் வேண்டாம், இடைவெளி வேண்டாம். நூலகக் குறியீடு, பதிவேட்டு எண், நான்கு இலக்கப் பக்க எண், இடையில் கீழ்க்கோடு. ஆங்கிலச் சிற்றெழுத்து மட்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸில் ஒன்று, லினக்ஸில் வேறு. ஏற்றும்போது 'கோப்பு இல்லை' என்று வரும் பிழைகளில் பாதி இதனால்தான்.

புள்ளியைத் தின்னும் வடிகட்டி

இந்தப் பகுதிக்கு ஒரு முழு பிற்பகல் ஒதுக்குங்கள். ஸ்கேன் படங்களைச் சீராக்கும் ஸ்கேன் டெய்லர் மென்பொருளில் பக்கம் பிரித்து, சாய்வு நிமிர்த்தி, ஓரம் வெட்டி வெளியே எடுப்பது எளிது. ஆபத்து கடைசிப் படியில் இருக்கிறது. தாளில் உள்ள அழுக்குப் பொட்டுகளை நீக்கும் வசதி ஒன்று அங்கே உண்டு. அதற்கு அழுக்குப் பொட்டும் ஒன்று, மெய்யெழுத்தின் புள்ளியும் ஒன்று. வலுவாக வைத்தால் 'பக்கம்' 'பககம' ஆகிவிடும். திரையில் முழுப் பக்கமாகப் பார்க்கும்போது பளிச்சென்று சுத்தமாகத்தான் தெரியும், இருநூறு விழுக்காட்டில் பெரிதாக்கினால்தான் புள்ளி போனது கண்ணில் படும். இந்த வசதியை அணைத்துவிடுங்கள். அழுக்கு இருந்தால் இருக்கட்டும். கறுப்பு வெள்ளையாக மாற்றும் அளவுகோலிலும் இதே கதை: மங்கிய அச்சில் புள்ளிதான் முதலில் மறையும். மங்கலான நூல்களைச் சாம்பல் நிறத்திலேயே விடுவது நல்லது.

ஒவ்வொருவரும் தான் முடித்த நூலில் பத்துப் பக்கத்துக்கு ஒரு பக்கம் எடுத்து, ஒரே ஒரு வரியில் மெய்யெழுத்துகளை எண்ணி அசலோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. சலிப்பான வேலை, ஆனால் வேறு எந்தச் சோதனையும் இதைப் பிடிக்கவில்லை.

எழுத்துணரி

படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் டெஸராக்டைத் தமிழ், ஆங்கிலம் இரண்டும் சேர்த்து ஓடவிட்டோம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய சுத்தமான அச்சுக்கு நன்றாகவே வருகிறது. அதற்கு முந்தைய நூல்களில் யானைத் தும்பிக்கை போட்ட ணை, லை, ளை, னை, சுழித்துச் சேர்த்த ணா, றா, னா, அவற்றோடு ஒகர ஓகார வடிவங்கள் என்று பதின்மூன்று எழுத்துகள் சிக்கல். பொதுவாகக் கிடைக்கும் பயிற்சித் தரவு புதிய எழுத்துருக்களை வைத்தது, பழைய 'லை'யைக் கண்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். முழுப் பிழைதிருத்தம் செய்ய ஆள் கிடையாது. எனவே பழைய நூல்களுக்கு உரையை நம்பாமல், பொருளடக்கத்தைக் கையால் தட்டச்சுச் செய்து பதிவில் சேர்த்தோம். 150 பக்கத் தல வரலாற்றுக்கு இருபது வரி பொருளடக்கம், தேடுபவருக்கு அது போதும்.

இன்னொரு கண்ணி: கணினியிலேயே தயாரான 1990கள், 2000களின் மலர்கள். பிடிஎஃப் ஆகத்தான் கிடைக்கும், பார்க்கத் தமிழாக இருக்கும், உள்ளே பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் குறியீடு. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். 'ஏற்கெனவே உரை இருக்கிறது' என்று எழுத்துணரி தாண்டிப் போய்விடும். கட்டாயமாக மறுபடி படிக்கச் சொல்லும் விருப்பத்தைப் போட வேண்டும்.

பெயர், ஆண்டு, ஊர்

டிஸ்பேஸ் படிவத்தில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு பெட்டி: கடைசிப் பெயர், முதல் பெயர். நம்மவர்களுக்குக் கடைசிப் பெயர் ஏது? ஒருவர் தலைப்பெழுத்தை முதல் பெட்டியில் போடுவார், இன்னொருவர் இரண்டாவதில். ஆசிரியர் பட்டியலில் ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். விதி இப்படி வைத்தோம்: இயற்பெயர் முதல் பெட்டி, தலைப்பெழுத்து இரண்டாம் பெட்டி. 'வரதராசன், மு.' என்று நிற்கும். 'மு.வ.' என்று அட்டையில் இருந்தால் அதை வேறு பெயர்ப் புலத்தில் போட வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தோம். 'துன்மதி வருஷம்' என்றால் 1921-22 அல்லது 1981-82. அறுபது ஆண்டு இடைவெளி என்பதால் தாளையும் எழுத்து வடிவத்தையும் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். ஆவணி என்றால் முதல் ஆண்டு, மாசி என்றால் அடுத்த ஆண்டு. நிலவரிக் கணக்கு ஆண்டான பசலியில் 590 கூட்ட வேண்டும், அது ஜூலையில் தொடங்கும். திருவள்ளுவர் ஆண்டில் 31 கழிக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உருது, அரபு நூல்களுக்கு ஹிஜ்ரி மாற்றி தனி. அட்டையில் உள்ளபடி ஆண்டைக் குறிப்புப் புலத்தில் அப்படியே எழுதி, மாற்றிய ஆண்டை மட்டும் தேதிப் புலத்தில் நான்கு இலக்கமாக. மாதம் ஊகிக்க வேண்டாம்.

ஊர்ப் பெயரில்தான் அதிக வாக்குவாதம். வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது, மிஞ்சிய வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. 1965இல் அச்சான ஒரு வாலாஜா மலர் எந்த மாவட்டம்? அச்சான காலத்துப் பெயரைப் போட்டால் இன்றைய வாசகர் தேட மாட்டார், இன்றைய பெயரை மட்டும் போட்டால் வரலாறு பிசகும். இரண்டையும் போட்டோம், தனித்தனிப் புலத்தில். ஆர்க்காடு, ஆற்காடு, ராணிப்பேட்டை, இராணிப்பேட்டை, குடியாத்தம், குடியேற்றம்: இதில் எது என்று ஒரு பட்டியலைக் கட்டி, படிவத்தில் தேர்வுப் பட்டியலாக இணைத்தோம். திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்திலும் இருக்கிறது, எனவே மாவட்டப் பெயரை ஒட்டாமல் தனியாக விடக் கூடாது.

"சார், வேலூர்னு தேடினா வேலூரில்னு இருக்கிறது வரலியே" என்று ஒரு கிளை நூலகர் கேட்டார். தேடுபொறிக்குத் தமிழ் வேற்றுமை உருபு தெரியாது. 'வேலூர்' என்று புள்ளியோடு எழுதி நட்சத்திரக் குறி போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் 'வேலூரில்' என்பதில் அந்த இடத்தில் புள்ளி இல்லை, இகரக் குறி இருக்கிறது. புள்ளியை எடுத்துவிட்டு 'வேலூர*' என்று தேட வேண்டும். இதைத் தளத்தின் தேடல் பெட்டிக்குக் கீழேயே ஒரு வரியாக எழுதி வைத்துவிட்டோம்.

ஔகாரமும் தொல்லை. 'கௌரி' என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பு, க, ள என்று தட்டுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலுக்கு வேறு சொல். மொத்தமாக மாற்று என்று கட்டளை கொடுத்தால் 'தெளிவு' கெட்டுப்போகும், கெளுத்தி மீனும் கெட்டுப்போகும். சொல் சொல்லாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

மொத்தமாக ஏற்றுதல்

விவரத்தை விரிதாளில் நிரப்பி ஒரே தொகுப்பாக ஏற்றுவதுதான் வேகம். லிப்ரே ஆஃபீஸ் மட்டும் பயன்படுத்துங்கள். எக்செலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும், 1921-05 என்று எழுதினால் அது தானாகவே தேதியாக்கி 'மே-21' என்று மாற்றிவிடும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8, தேதி நெடுவரிசை உரை வடிவம். ஒரு நூலுக்கு இரண்டு ஆசிரியர் என்றால் இடையில் இரட்டைச் செங்குத்துக் கோடு.

கோப்புகளோடு ஏற்றும்போது முதலில் சோதனை ஓட்டம், பிறகே உண்மை ஓட்டம். இறக்குமதிக் கட்டளை ஒரு வரைபடக் கோப்பு எழுதும்: எந்த அடைவு எந்தப் பதிவாக ஏறியது என்ற பட்டியல். தொகுப்பு முழுக்கத் தவறு என்று பிறகு தெரிந்தால் அந்தக் கோப்பைக் கொடுத்து ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் நீக்கலாம். கோப்பு தொலைந்தால் ஒவ்வொன்றாகக் கையால் நீக்க வேண்டும். தேதியோடு பெயரிட்டுத் தனி அடைவில் வைக்கச் சொல்லுங்கள்.

உரிமை

1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. மு.வ. 1974இல் காலமானார், கணக்குப்படி 2034 முடியும் வரை. நாட்டுடைமை ஆக்கப்பட்டால் கணக்கு மாறும். உரிமை உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க, அச்சுப் பிரதி தன்னிடம் இருக்கும் வணிக நோக்கமில்லாத பொது நூலகத்துக்கு 2012 திருத்தம் இடம் தருகிறது. சேமிப்பது வேறு, இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுவது வேறு. டிஸ்பேஸில் எதையும் மாற்றாமல் ஏற்றினால் பெயரில்லாப் பார்வையாளரும் படிக்கலாம். எனவே 'பாதுகாப்பு மட்டும்' என்று தனித் தொகுப்பு தொடங்கி, அதன் முன்னிருப்பு அனுமதியை முதலிலேயே பூட்டிவிட்டுத்தான் உள்ளே நூலை வைக்க வேண்டும். பிறகு பூட்டினால் ஏற்கெனவே உள்ளவை திறந்தே கிடக்கும்.

அழித்து மீட்டல்

முந்தைய அணி தோற்றது இங்கே. கோப்புகள் இருக்கும் அசெட்ஸ்டோர் அடைவை மட்டும் பத்திரமாக நகலெடுத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே நீள நீள எண்கள், பிடிஎஃப், டிஃப் என்ற நீட்சிப் பெயரே கிடையாது, எது எந்த நூல் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தொடர்பு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மட்டும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும், கூடவே அமைப்புக் கோப்பும் வேண்டும். சோலர் சுட்டியை நகலெடுக்காவிட்டாலும் பரவாயில்லை, தேடலை மறுபடி கட்டிக்கொள்ளலாம். பார்வைப் புள்ளிவிவரம் வேண்டும் என்றால் மட்டும் அதைத் தனியே ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும்.

இம்முறை மீட்பு வரிசையை நூலகர்களே எழுதினார்கள்: தரவுத்தளம் உருவாக்கு, போஸ்ட்கிரெஸுக்கான பிஜிகிரிப்டோ கூடுதல் கூறைச் சேர், நகலை ஏற்று, அசெட்ஸ்டோரைப் பழைய இடத்தில் வை, உரிமையாளர் பயனரை மாற்று, சேவைகளை வரிசைப்படி எழுப்பு, சுட்டியைக் கட்டு. உரிமையாளரை மாற்ற மறந்தால் பதிவு தெரியும், பிடிஎஃப் திறக்காது. கடைசியில் செக்கர் கட்டளை ஓட்டி, செக்சம் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பொருந்துகிறதா என்று பார்த்தார்கள்.

செலவும் அடுத்த முறையும்

பழைய டெஸ்க்டாப் 20,000 ரூபாய்க்குள். கேமரா இரண்டும் தொட்டிலும் விளக்கும் சேர்த்து 40,000க்குச் சற்று மேல், கண்ணாடியைத் தூக்கி இறக்கும் இழுவைத் தடத்துக்கு மட்டும் தச்சர் இரண்டு முறை வர வேண்டியிருந்தது. 4 டிபி வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு, 600 விஏ யுபிஎஸ் ஒன்று. மென்பொருளுக்கு ஒரு பைசா இல்லை. நிரந்தர முகவரிக்கான ஹேண்டில் முன்னொட்டுக்கு ஆண்டுக்கு 50 டாலர். அது வாங்காதவரை எல்லாப் பதிவும் 123456789 என்ற மாதிரி எண்ணில் இருக்கும், அந்த முகவரியை எந்த நூல்பட்டியலிலும் அச்சிடக் கூடாது.

அடுத்த முறை 100 பாகைத் தொட்டிலோடு ஒரு தட்டை ஸ்கேனரும் வைப்போம், துண்டறிக்கைகளுக்கும் அழைப்பிதழ்களுக்கும் தொட்டில் சரிவரவில்லை. ஊர்ப் பட்டியலைப் பயிற்சிக்கு முன்பே தபாலில் அனுப்பி, அவரவர் தாலுகாப் பெயர்களைத் திருத்தி வாங்கிவிட வேண்டும், அதிலேயே அரை நாள் மிஞ்சும். உருது நூல்களுக்கு வலமிருந்து இடமாகப் பக்கம் எண்ணும் பாடம் தனியாகத் தேவை. தொட்டிலில் இடது கேமராவும் வலது கேமராவும் எடுத்த படங்களைப் பின்னும் நிரல் இப்போது எப்போதும் இடதை முதல் பக்கமாக எடுக்கிறது. அந்நூல்களுக்கு அதைத் திருப்பிப் போடும் ஒரு விருப்பத்தைச் சேர்க்க வேண்டும்.